பம்பில் நான் ஊற்றிய மீன் எண்ணெய்

அண்ணா,

நேற்றுக் காலை தோணிரேவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏரிக்கரையில் ஒரு மரப் படகைக் கவிழ்த்துப் போட்டு, பழைய துணியில் மீன் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு அடிப்பலகையில் பூசிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற வாடை கிளம்பியது. அங்கிருந்தவர்களுக்கு அது வெறும் படகு வாடை. எனக்கு அப்படி இல்லை. திறந்த வெளியில், மணலில் நின்றுகொண்டிருந்த என் இடது கை, தானாக ஒரு கார்க் கதவின் பிடியைத் தேடியது. மகள் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, தலைய சுத்துதா?" என்று கேட்டாள். வெயில் என்று சொல்லி வைத்தேன்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது. இந்த மடலை என் கையால்தான் எழுதுகிறேன். "ஆயா, நீ சொல்லிக்கினே வா, நான் போன்ல அடிச்சித் தரேன்" என்றாள் பேத்தி. வேண்டாம் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் என் நோட்டை வாங்கி மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார் எங்கள் டீச்சர். அதை விடுங்கள். இதை இன்னொருவர் கையால் எழுதக் கூடாது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் முதல் கார் எங்களுடையதுதான். இப்போது சொல்லும்போதும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. யாரோ ஓட்டி அலுத்துப்போன டீசல் கார். என் வீட்டுக்காரர் அதை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியபோது, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். கடலில் எந்த அலையையும் தாண்டிவிடும் அவருக்கு ஸ்டியரிங் மட்டும் படியவில்லை. அதனால் உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் காட்டூர்க்காரர், விவசாயக் குடும்பம், பல வருடம் லாரி ஓட்டியவர். அண்ணியோடு வந்து எங்கள் குப்பத்து ஓரத்தில் குடிசை போட்டீர்கள். பிரசவம், கல்யாணம், ஆஸ்பத்திரி, பொன்னேரிச் சந்தை என்று எல்லாவற்றுக்கும் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

சவாரி இல்லாத நேரத்தில் பழவேற்காட்டில், டச்சுக்காரர் கல்லறை மதிலோரம் நிழலில் வண்டியை நிறுத்துவீர்கள். அந்த வாசல் தூணில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்து, கூடைக்காரப் பெண்கள் அங்கே நிற்கவே மாட்டார்கள். நானும் முதுகைக் காட்டித்தான் நிற்பேன். "அவங்க டச்சுக்காரங்க தங்கச்சி. நம்ம பாஷை தெரியாது. திட்டினாகூட உனுக்குப் புரியாது, பயப்படாத" என்பீர்கள்.

அந்த மதிலோரம்தான் டீசல் பம்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது. நீங்கள் ஒன்றும் பாடம் நடத்தவில்லை. நான்தான் குனிந்து குனிந்து பார்த்து உங்களை நச்சரித்தேன். எங்கள் வண்டி, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? என்ஜினுக்குப் பக்கத்தில் நான்கு குழாய் முளைத்த இரும்புப் பெட்டி. டீசலை அளந்து அளந்து என்ஜினுக்குள் பீய்ச்சுவது அதுதான்.

"இதுக்குத் தனி வயிறு. என்ஜின் குடிக்கிற ஆயில் இதுக்கு வராது. நாமதான் ஊட்டணும்" என்றீர்கள்.

அதற்கென்று சின்னதாக ஒரு அளவுக் குச்சி இருந்தது. வாரம் ஒரு நாள் உருவித் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் பார்த்துவிட்டு, ஆயில் குறையவே இல்லை, கூடித்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். உங்கள் முகம் மாறிப்போனது. டீசல் உள்ளே கசிந்து ஆயிலோடு கலந்தால்தான் அப்படி ஏறுமாம். ஏறிய ஆயிலில் வழவழப்பு இருக்காது, உள்ளே இரும்பும் இரும்பும் தின்றுகொள்ளும் என்றீர்கள். முழுவதையும் வடித்துக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினீர்கள். குறைந்தால்தான் பயப்பட வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். கூடினாலும் பயப்பட வேண்டும் என்று அன்று தெரிந்தது.

பம்பின் பின்பக்கம் வட்டமாக ஒரு மூடி. அதற்குள் ஒரு தோல், பறைத் தோல் மாதிரி. என்ஜின் காற்றை இழுக்கிற இழுப்புக்கு அந்தத் தோல் அசையும், அது அசைந்தால்தான் டீசல் அளவோடு போகும். மேலே ஒரு சின்ன ஓட்டை. சில மாதத்துக்கு ஒருமுறை அதில் கொஞ்சம் மெல்லிய ஆயில் விட்டால் தோல் துவண்டு இருக்கும். அந்த ஆயிலைப் பொன்னேரியிலிருந்து சின்ன பாட்டிலில் வாங்கி வருவீர்கள். தோல் விறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். டீசல் மொத்தமும் போய்க்கொண்டே இருக்கும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி ஓடும், சாவியைத் திருப்பினாலும் ஓடும் என்றீர்கள்.

"அப்ப இன்னா பண்ணுவீங்க?"

"மூச்ச அடைக்கணும். காத்து போற வாயில துணிய வச்சி அமுக்கணும். வேற வழி இல்ல."

சாவியை எடுத்தாலும் நிற்காத ஒன்று என் வாசலில் நிற்கிறது என்று அன்று வண்டியைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன். ஆனாலும் அடுத்த வாரம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நான்தான் முதலில் வந்து நின்றேன். பொம்பளைக்கு எதற்கு ஸ்பேனர் என்று என் வீட்டுக்காரர் முறைப்பார். நீங்களோ, "அஞ்சாவது படிச்ச மெக்கானிக் வருது, வழி வுடுங்க" என்று சிரிப்பீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன்.

உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்து காட்டூரில் படுத்துக்கொண்டீர்கள். வண்டி எங்கள் வாசலில் வெயிலில் நின்றது. நீங்கள் வரும்போது எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வீம்பு. அளவுக் குச்சியைப் பார்த்தேன், பழைய ஆயிலை வடித்தேன், புதிது ஊற்றினேன். அதுவரை எல்லாம் சரிதான். தோலுக்கு விடலாம் என்று பார்த்தால் பொன்னேரி பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கொல்லையில் இருந்த மீன் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தேன். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும் மரத்தைக் காப்பாற்றுகிற எண்ணெய், ஒரு தோலைக் காப்பாற்றாதா என்று தோன்றியது. எங்கள் ஊரில் எதற்கும் அதைத்தான் பூசுவோம். மெல்லிய துணியில் வடிகட்டி ஒரு கரண்டி ஊற்றினேன். நீங்கள் சொட்டு விடுவீர்கள், நாம் தாராளமாக விடுவோம் என்று இன்னும் ஒரு கரண்டி.

மீன் எண்ணெய் ஏன் படகைக் காப்பாற்றுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அது காயும். காய்ந்து, பிசினாகி, மரத்தின் மேல் இறுகி உட்காரும். அதற்காகத்தான் அதைப் பூசுகிறோம். இது எங்கள் குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்த எனக்கு அன்று தோன்றவில்லை.

நீங்கள் தேறி வந்தீர்கள். எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீ போட்டா சரி" என்று சாவியை வாங்கிக்கொண்டீர்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. என்ஜின் சூட்டில் அந்த எண்ணெய் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்.

அந்தக் காலை உங்களுக்கும் மறந்திருக்காது. பொன்னேரிக்குப் புறப்பட்டோம். முன்னால் நீங்கள், பக்கத்தில் நான், என் மடியில் மகள், அவளுக்கு அப்போது எட்டு வயது. பின்னால் கூடைகளோடு ஐந்து பெண்கள், அவர்களில் எல்லம்மா கதவோரம். பாலத்தில் ஏறும்போது வண்டி கொஞ்சம் அதிகமாகவே துள்ளியது. பாலம் இறங்கும் இடத்தில் இறால் ஏலக் கூட்டம் ரோடு முழுக்க நின்றது. நீங்கள் காலை எடுத்தீர்கள். நான் பார்த்தேன், கால் மேலே வந்துவிட்டது. வண்டி குறையவில்லை. கிளட்சை மிதித்தீர்கள். அப்போது அந்த என்ஜின் போட்ட சத்தத்தை எப்படிச் சொல்வேன். ஒரு மிருகத்தின் காலை வெட்டினால் அது அப்படிக் கத்துமோ என்னவோ. நிறுத்துகிற கம்பியை இழுத்தீர்கள், இழுத்தது இழுத்தபடி கையில் தொங்கியது. கறுப்புப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கியரை மாற்றி, பிரேக்கின் மேல் ஏறியே நின்றீர்கள். பழைய பிரேக், தேய்ந்த பிரேக்.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, அண்ணா. மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் சாமியைக் கூப்பிடவில்லை. அந்த இரண்டு கரண்டியைத்தான் நினைத்தேன்.

யாரும் குதிக்காதீங்க என்று நீங்கள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. எல்லம்மா குதித்தாள். நீங்கள் வண்டியை இடது பக்கம் ஒடித்து, கூட்டத்தை விட்டு ஏரிச் சேற்றுக்குள் இறக்கினீர்கள். சேற்றில் சக்கரம் வெறுமனே சுழல, என்ஜின் அப்போதும் அலறியது. இறங்கி ஓடி, பானெட்டைத் தூக்கி, இடுப்பு வேட்டியை உருவிச் சுருட்டி, காற்று போகும் வாயில் திணித்து இரண்டு கையாலும் அமுக்கினீர்கள். இருமி இருமி அது செத்தது. என் மகளுக்கு இன்றைக்கும் நினைவிருப்பது ஊருக்கு நடுவே நீங்கள் டவுசரோடு நின்றது மட்டும்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சத்தம் நின்ற பிறகு எல்லம்மா அழுகிற குரல் பாலத்துப் பக்கமிருந்து வந்தது. இடுப்பெலும்பு. இன்று வரை அவள் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, நீங்கள் பம்பின் வட்ட மூடியைக் கழற்றினீர்கள். நான் சேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் கருவாடாக விறைத்து, விளிம்பில் வெடித்திருந்தது. சுற்றிலும் மஞ்சள் பிசின். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனீர்கள். என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தீர்களா? நான் குனிந்து மகள் காலில் இருந்த சேற்றைத் துடைத்தேன்.

"புள்ளைய இட்டுக்கினு வூட்டுக்குப் போ தங்கச்சி" என்றீர்கள். அவ்வளவுதான்.

அந்த வாரமே அம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெண்கள் நாங்கள் ஓரமாக நின்றோம். எல்லம்மாவின் அண்ணன்மார்கள் நீங்கள் குடித்திருந்தீர்கள் என்றார்கள். முந்தின நாள் சாயங்காலம் சாராயக் கடைப் பக்கம் உங்களைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். உங்களுக்காகப் பேச அந்தக் கூட்டத்தில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. குடிக்கவில்லை என்று ஒருமுறை சொன்னீர்கள். அப்படியானால் வண்டி ஏன் நிற்கவில்லை என்று கேட்டார்கள்.

நான் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். இப்போது சொல்லப்போகிறார், இப்போது என் பக்கம் கையை நீட்டப்போகிறார் என்று முன்னால் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கை எவ்வளவு சீக்கிரம் ஓங்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லம்மா வீட்டார் என்ன செய்வார்கள் என்றும் பயம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. ஸ்பேனர் பிடித்த பொம்பளையைப் பார் என்று ஊர் சிரிக்குமே என்ற பயம். அதுதான் பெரியதோ என்று இப்போது நினைக்கிறேன்.

"பம்புல கோளாறு. அதப் பாக்க வேண்டியது என் வேலை. நான் பாக்கல" என்றீர்கள். குடித்ததை மறைக்கச் சாக்கு என்றார்கள்.

பெண்கள் பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சொல்லியிருக்க மாட்டேன்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆளை முடமாக்கியவர், இனி நம் ஊர் ஆட்களை ஏற்றி வண்டி ஓட்டக் கூடாது என்று ஊர் நோட்டில் எழுதினார்கள். வண்டியை யாரோ இரும்பு விலைக்கு இழுத்துப் போனார்கள். நீங்கள் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கப் போனீர்கள். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. வழியில் பார்த்தால், "நல்லா கீறியா தங்கச்சி?" என்று நீங்கள்தான் முதலில் கேட்பீர்கள். உங்கள் விரல் நுனிகள் ஐஸில் வெளுத்துச் சுருங்கியிருக்கும். நான் தலையாட்டிவிட்டு வேகமாகப் போய்விடுவேன். முப்பது வருடத்துக்கும் மேல் உங்களைக் கண்டு ஒதுங்கினேன். ஊரில் நான்கு பேர் கூடி நின்றால் அதைத்தான் பேசுகிறார்களோ என்று காதைத் தீட்டுவேன். வீட்டுக்காரர் இறந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அது எனக்குச் சோறு தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

உங்கள் சாவுக்கு வந்தேன். பந்தலுக்கு வெளியே நின்றேன், முகம் பார்க்க வரவில்லை. எடுத்துப் போன பிறகு யாரோ ஒருவர், நல்ல மனுஷன்தான், குடித்துவிட்டுப் பாலத்தில் வண்டியை விடாமல் இருந்திருந்தால் என்று சொல்லிக்கொண்டே போனார். உங்கள் பேத்தி அதைக் கேட்டுவிட்டு அண்ணியிடம், தாத்தா குடிப்பாரா என்று கேட்டாள்.

அண்ணி சொன்னாள்: "தெரிலம்மா. ஊரு அப்டித்தான் சொல்லுது."

அண்ணா, அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணியிடம்கூட என்னைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை.

மறுநாளே எல்லம்மா வீட்டுக்குப் போனேன். கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். துடைப்பத்தை எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் கையை உதறிவிட்டு என்னையே பார்த்தாள். "என் காலப் பாக்கும்போதெல்லாம் நீ தலைய தொங்கப் போட்டுக்குவ. இவ இன்னாடி இவ்ளோ பாசமா கீறாளேன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "இத என் காலாண்ட சொல்லி இன்னா புரோஜனம்? ஊருல சொல்லு" என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்ப உட்கார்ந்துவிட்டாள்.

போன மாதக் கூட்டத்தில் ஓரத்திலிருந்து நடுவுக்கு நடந்து போனேன். இருபது அடி இருக்கும். அந்தப் பாலத்தில் போனதைவிட அது நீளம். அண்ணியும் வந்திருந்தாள், எல்லம்மா அழைத்து வந்திருந்தாள். சொன்னேன். மீன் எண்ணெய், இரண்டு கரண்டி, அவர் குடிக்கவில்லை, நான் வாயைத் திறக்கவில்லை. என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

ஒன்றும் நடக்கவில்லை, அண்ணா. யாரும் சிரிக்கவில்லை, அடிக்கவும் வரவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. தலைவராக இருக்கிற பையன் வாட்சைப் பார்த்துவிட்டு, பழைய கதை எதற்கு ஆயா, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றான். வாழ்நாள் முழுக்க நான் நடுங்கியது இதற்குத்தானா?

அண்ணி எழுந்தாள். "அன்னிக்கு எழுதனீங்க இல்ல, நோட்ல? இதையும் எழுதுங்க" என்றாள்.

பழைய நோட்டு கரையான் அரித்துப் போய்விட்டதாம். பரவாயில்லை, புதிய நோட்டில் எழுதுங்கள் என்று நின்றாள். அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் உட்காரவில்லை. எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு என் பக்கம் பார்க்காமலே நடந்து போய்விட்டாள்.

மூன்றாம் நாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அவரு குடிக்கலன்னு உனுக்கு அன்னிக்கே தெரியும்?"

"தெரியும் அண்ணி."

முந்தானையை இழுத்துச் சொருகினாள். "குடிக்கலன்னு அவரு சொன்னத நான் நம்பல. ஒரு வருசம் அவராண்ட பேசாம சோறு மட்டும் போட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊர் உங்களுக்குச் செய்தது எனக்குத் தெரியும். ஐஸ் கம்பெனி தெரியும், விரல்கள் தெரியும். இந்த ஒரு வருடம் எனக்குத் தெரியாது. உடைத்த ஐஸின் ஈரத்தோடு வீட்டுக்கு வந்து, பேச்சில்லாத தட்டின் முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்த ஒரு வருடம். அங்கேயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணா. உங்கள் பெண்டாட்டிதானே. அவள் என்னை என்ன செய்திருப்பாள்?

அன்றிலிருந்து வாசலில் காலடிச் சத்தம் கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறேன். அண்ணி மறுபடி வருவாள். அவள் கேட்பதற்கு இன்னும் நிறைய இருக்கும். வந்தால் எழுந்து நிற்பேன். எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்வேன்.

உங்கள் தங்கச்சி